குறைந்த காசில் ஊர்க் கலியாணம்: முதல்முறை செய்பவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் வீட்டில் இரண்டு கலியாணம் நடந்தது. அண்ணாவின் கலியாணம் மண்டபத்தில், 450 பேருடன். அதற்கு அடகு வைத்த அம்மாவின் காப்பை மீட்க இரண்டு வருடம் எடுத்தது. தங்கச்சியின் கலியாணம் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டு முற்றத்தில், 140 பேருடன். அடுத்த நாள் காலையில் யாருக்கும் ஒரு ரூபா கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது முறை நாங்கள் செய்தவற்றை, செய்த ஒழுங்கிலேயே கீழே எழுதுகிறேன். கலியாணத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் இருக்கும்போது தொடங்குங்கள்.

1. ஒரு கொப்பி, இரண்டு வீட்டார்

மண்டபம் பார்க்கப் போகுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் கையில் உள்ள காசை மட்டும் எழுதுங்கள். சீட்டு எடுத்தால் வரும், மாமா கனடாவிலிருந்து அனுப்புவார், மொய்யில் திரும்பி வரும் என்கிற காசெல்லாம் அந்தப் பக்கத்துக்கு வரக்கூடாது. மொய்க் காசு கலியாணம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். சமையல்காரருக்கும் மேளகாரருக்கும் அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

அடுத்து, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு பின்னேரம் ஒன்றாக இருந்து, யார் எந்தச் செலவைப் பொறுப்பெடுப்பது என்று பேசி எழுதுங்கள். தாலியும் கூறைச் சேலையும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பது எல்லாருக்கும் தெரியும். சாப்பாடு, வாகனம், வீடியோ, ஐயர் தட்சணை ஆகியவற்றில்தான் பிறகு மனக்கசப்பு வரும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே விருந்து என்றும் அன்றைக்கே முடிவெடுங்கள். தனித்தனி விருந்து வைத்தால் ஒரே சொந்தக்காரர் இரண்டு தரம் சாப்பிடுவார், செலவும் இரண்டு தரம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது உதவுகிறேன் என்றால், “மேளச் செலவை நீங்கள் எடுங்கோ” என்று ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுங்கள். அவர்களுக்கும் அது சந்தோஷம், உங்களுக்கும் கணக்குத் தெளிவு.

2. ஆட்கள் எண்ணிக்கை

இந்தப் படியை ஆறுதலாகச் செய்யுங்கள். மற்ற எல்லாச் செலவும் இந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். உங்கள் சமையல்காரர் சாப்பாடு, குளிர்பானம், கதிரை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 1,500 ரூபா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 பேரைக் குறைத்தால் ஒன்றரை லட்சம் மிச்சம். பூமாலையிலும் அழைப்பிதழிலும் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்தத் தொகை வராது.

நாங்கள் மூன்று பட்டியல் எழுதினோம். அவர்கள் இல்லாமல் கலியாணம் நடக்காது என்கிறவர்கள் முதலாவது. நல்லது கெட்டதுக்கு வந்து போகிற அயலும் உறவும் இரண்டாவது. “அவையள் எங்களுக்குச் சொன்னவை, நாங்கள் சொல்லாமல் விடேலுமே?” என்று அம்மா கேட்டவர்கள் எல்லாரும் மூன்றாவது. அந்த மூன்றாவது பட்டியலில் மட்டும் 200 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அவர்களை ஒரேயடியாக விடவும் முடியாது, ஊரில் முகம் பார்க்க வேண்டும். அதனால் கலியாணத்துக்கு முதல் வாரம் அம்மாவும் பெரியம்மாவும் வீடு வீடாகப் போய், பலகாரம் கொடுத்து, “சின்னதாக வீட்டிலே செய்யிறம், பிள்ளையளை மனதார வாழ்த்துங்கோ” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நேரில் போய்ச் சொன்னதால் ஒருவரும் கோபிக்கவில்லை. இதை வட்ஸ்அப்பில் செய்யாதீர்கள். அழைக்கும் ஆட்களுக்கு வட்ஸ்அப் அழைப்பிதழ் தாராளமாகப் போதும், ஆனால் அழைக்க முடியாதவர்களிடம் நேரில்தான் போக வேண்டும்.

3. தாலியும் கொடியும்

யாழ்ப்பாணத்தில் கலியாணச் செலவு என்றாலே பலருக்கு முதலில் நெஞ்சை அடைப்பது தாலிக்கொடி. “எத்தினை பவுனிலை கொடி?” என்று சபையில் கேட்பார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படையில் பவுன் கூடிக்கொண்டே போகும். ஒரு பவுன் என்பது 8 கிராம். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு ஒரு பவுனே லட்சக் கணக்கில் நிற்கிறது. பழைய கணக்கில் கொடி செய்யப் போனால், கலியாணத்தின் மற்றச் செலவு அத்தனையையும் சேர்த்தாலும் கொடி அதை விழுங்கிவிடும்.

நான் சொல்வது இதுதான். தாலியை மட்டும் பொன்னில் செய்யுங்கள், அதை மஞ்சள் கயிற்றில் கோர்த்துக் கட்டுங்கள். சடங்குக்கு அது போதும். கொடியைப் பிள்ளைகள் இருவரும் உழைத்து, ஆறுதலாக ஒரு நல்ல நாளில் மாற்றிக்கொள்ளட்டும். தங்கச்சிக்கு அப்படித்தான் செய்தோம். சம்மதிக்காத பெரியவர்கள் இருந்தால், வீட்டில் உள்ள பழைய நகையை உருக்கி மெல்லிய கொடியாகச் செய்யலாம். பொன்னுருக்கலுக்கு வழமைப்படி ஒரு சிறு துண்டுப் பொன் இருந்தாலே பத்தர் வந்து உருக்கித் தருவார்.

கஸ்தூரியார் வீதிக் கடைகளிலும் கன்னாதிட்டிப் பத்தர்மாரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அன்றைய பவுன் விலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் வித்தியாசம். பழைய நகை கொடுத்தால் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். நிறையையும் கரட்டையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

4. நாள்

ஆடி, மார்கழி மாதங்களை எப்படியும் விலக்குவோம். ஆவணி முகூர்த்தங்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கலியாணங்கள் நிறைந்திருக்கும். மண்டபம், வீடியோ, வான் எல்லாம் ஒரே நாளில் பல பேருக்குத் தேவைப்படும்போது விலை பேச வழியில்லை. வேலை நாளில் விழும் முகூர்த்தம் கிடைத்தால் எடுங்கள், வருபவர்களின் எண்ணிக்கையும் தானாகக் குறையும்.

வீட்டில் செய்வதென்றால் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழை பந்தலுக்குள் வந்துவிடும். வைகாசி, ஆனியில் சோளகக் காற்றுப் பிடிக்கும், அந்தக் காலத்தில் பந்தல் கால்களை ஆழமாக நடச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டாரும் ஒரே பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரு வீடு வாக்கியமும் மற்ற வீடு திருக்கணிதமும் பார்த்தால் நாள் குறிப்பதிலேயே ஒரு மாதம் போய்விடும்.

5. இடம்

வீட்டு முற்றம், கோயில் மண்டபம், தனியார் மண்டபம். செலவு பெரும்பாலும் இந்த ஒழுங்கில்தான் கூடும். வளவு இருந்தால் என் வாக்கு வீட்டுக்குத்தான். தகரப் பந்தல், வாசலில் குலையோடு இரண்டு வாழை, மாவிலைத் தோரணம், நிறைகுடம். இதற்குமேல் ஒரு கலியாண வீட்டுக்கு வடிவு தேவையில்லை. கதிரை, கிடாரம், அண்டா எல்லாம் ஊர்ச் சனசமூக நிலையத்திலோ கோயிலிலோ குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மண்டபம்தான் என்றால், அண்ணாவின் கலியாணத்தில் எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். முற்பணம் கட்டும்போது சொன்ன தொகை ஒன்று, கடைசி நாள் தந்த பில் வேறொன்று. ஜெனரேற்றர் எரிபொருள், துப்புரவு, கூட எடுத்த ஒரு மணித்தியாலம், வெளியிலிருந்து மணவறை கொண்டுவந்ததற்கு ஒரு கட்டணம் என்று நான்கு வரி மேலதிகமாக இருந்தன. எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அப்பா சபைக்குப் பின்னால் நின்று சித்தப்பாவிடம் காசு மாறிக் கட்டினார். ஆகவே முற்பணம் கட்டுமுன் இந்த நாலையும் கேளுங்கள்: மின்சாரம் வாடகைக்குள் அடங்குமா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வெளிச் சமையல்காரரையும் அலங்காரக்காரரையும் விடுவார்களா, நாள் மாறினால் முற்பணம் திரும்புமா. பதிலைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

6. எழுத்து

விவாகப் பதிவைத்தான் சொல்கிறேன். இப்போது எழுத்தே ஒரு தனிக் கலியாணமாகிவிட்டது, அதற்கும் மண்டபம், கேக், வீடியோ. அவசியமில்லை. பதிவாளரிடம் முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்து, அவருடைய அலுவலகத்திலேயே இரண்டு சாட்சிகளுடன் முடிக்கலாம். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போய், வேறென்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வீடு திரும்பியதும் ஒரு பாயாசம் வைத்தால் போதும்.

7. சாப்பாடு

வாழையிலையில் சைவச் சாப்பாடு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்க் கறி, பயித்தங்காய், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய், வடை, ரசம், பாயாசம். மரக்கறி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், ருசியைக் கூட்டுங்கள். பத்துக் கறி வைத்த இலையில் ஐந்து அப்படியே குப்பைக்குப் போனதை அண்ணாவின் கலியாணத்தில் கண்ணால் பார்த்தேன்.

சமையல்காரருக்குக் கூலி பேசி, சாமானை நாங்களே வாங்கினோம். ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும் என்பது எங்கள் கணக்கு, அதன்படி 140 பேருக்கு 18 கிலோ. பருப்பு ஐந்து கிலோ. மரக்கறியை முதல் நாள் விடிய மருதனார்மடம் சந்தையில் எடுத்தோம். வாழையிலையும் தேங்காயும் அயல் வளவுகளிலிருந்து வந்தன.

பலகாரத்தைக் கடையில் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பலகாரச் சூட்டுக்கு ஒரு நல்ல நாள் பார்த்து அயல் பெண்களைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டுக் கொட்டிலில் இரண்டு அடுப்பு. பெரியம்மா அரியதரத்தைத் தட்டித் தட்டி எண்ணெயில் விட, மாமி ஈர்க்கால் புரட்டி எடுத்து, இரண்டு தட்டகப்பைகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயை அமத்திப் பிழிந்தார். பயித்தம் பணியாரமும் முறுக்கும் சிப்பியும் ஓலைப் பெட்டிகளில் நிறைந்தன. மா, சீனி, எண்ணெய்க் காசுதான் செலவு. பத்து வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டார் அன்றைக்கு ஒரே அடுப்படியில் இருந்தார்கள்.

8. கூறை, மணவறை, மேளம், படம்

நம் வழக்கப்படி மணப்பெண் ஒரு சேலையோடு மணவறைக்கு வந்து, கூறையை வாங்கி உடுத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான் தாலி ஏறும். ஆகவே இரண்டு சேலை வேண்டும், ஆனால் இரண்டையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. தங்கச்சி முதலில் உடுத்தது அம்மாவின் கூறை. சுருக்கம் போக அழுத்தி, புதிய சட்டை மட்டும் தைத்தோம். கூறையையும் பிறகு கோயிலுக்கு உடுக்கக்கூடிய பாரத்தில் எடுங்கள்.

மணவறை வாடகைக்கு. ஐயர் தரும் சாமான் துண்டை வாங்கி, அவரே கொண்டுவருபவை எவை என்று கேட்டு வெட்டிவிடுங்கள். படத்துக்கு ஒருவர் போதும், அல்பத்தைப் பிறகு அடிக்கலாம்.

மேளத்தை மட்டும் விடாதீர்கள். நாயனத்துக்கும் தவிலுக்கும் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் கெட்டிமேளம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நாயனம், ஒரு தவில் போதும். தாலி ஏறும் நேரத்தில் அந்தச் சத்தம் முற்றத்தில் எழும்பும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கொடுத்த காசில் நான் கொஞ்சமும் யோசிக்காத காசு அதுதான்.

9. கடைசி வாரமும் அடுத்த நாளும்

கொப்பியில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். பந்திக்கு ஒருவர், வாகனத்துக்கு ஒருவர், காசு கொடுக்க ஒருவர். காசு கொடுப்பவர் மாப்பிள்ளையாகவோ பெண்ணின் தகப்பனாகவோ இருக்கக்கூடாது. சமையல், மேளம், ஐயர், வான் என்று தனித்தனி உறையில் காசை முதல் நாளே போட்டு, மேலே பெயர் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று ஓர் உறை இருக்கட்டும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு.

அடுத்த நாள் வெயில் ஏறுமுன் அண்டா, கிடாரம், கதிரைகளைக் கழுவித் துடைத்து எண்ணித் திருப்பிக் கொடுங்கள். எங்களுக்கு ஒரு கிடாரத்தின் மூடி குறைந்தது. பின்வீட்டு மாமி கோழிக்குச் சோறு வைக்கக் கொண்டுபோயிருந்தா. எடுத்துக் கழுவிக் கொடுத்து, கொப்பியின் கடைசி வரியையும் வெட்டிவிட்டோம்.