மொழி தெரியாத நாட்டில் விமானம் ஓட்டப் படிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்தின் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நம் ராமநாதபுரம் கரையில் நிறைய. அவர்களில் சிலர் பைலட் லைசென்ஸுக்காக வெளிநாடு கிளம்புகிறார்கள். அமெரிக்கா, நியூசிலாந்து என்றால் ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளிவிடலாம். ஸ்பெயின், பிரான்ஸ், கனடாவின் கியூபெக் போன்ற இடங்கள் அப்படியில்லை. "பாடமெல்லாம் இங்கிலீஷ்தான், கவலைப்படாதீங்க" என்று ஏஜென்ட் சொல்வதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில், வானத்தில் எல்லாரும் ஆங்கிலம்தான் பேசுவார்கள் என்ற நினைப்பை விட வேண்டும். சர்வதேச விதிப்படி, தரையில் இருக்கும் நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். நீங்கள் ஆங்கிலத்தில் பேசினால் பெரிய விமான நிலையத்தின் கன்ட்ரோலர் உங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பக்கத்தில் பறக்கும் உள்ளூர்க்காரரோடு அவர் தன் மொழியில்தான் பேசுவார். கன்ட்ரோல் டவரே இல்லாத சின்ன விமானத்தளங்களில் பைலட்டுகள் தாங்களே தங்கள் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொள்வார்கள். பாக் நீரிணையில் நம் படகுகள் ஒன்றையொன்று வயர்லெஸ்ஸில் கேட்டு, யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்வது போலத்தான் அதுவும். அந்தப் பேச்சு புரியாவிட்டால் பக்கத்தில் யார் வருகிறார் என்பதே உங்களுக்குத் தெரியாது. பிரான்ஸில் டவர் இல்லாத சில தளங்களில் பிரெஞ்சு மட்டும்தான் பேசலாம். வரைபடத்திலேயே அப்படிக் குறித்திருப்பார்கள். தனியாகப் பறக்கும் முன் இதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இதற்காக முழு மொழியையும் கற்க வேண்டியதில்லை. எண்கள், திசைகள், ரன்வேயைச் சுற்றி வரும் பாதையின் பெயர்கள், இவை போதும். இறங்குவதற்கு முன் ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டை பிரெஞ்சுக்காரர் 'வான் அரியேர்' என்பார், ஸ்பானியர் 'வியென்டோ என் கோலா' என்பார். இப்படி நாற்பது ஐம்பது சொற்களை ஊரிலேயே காதுக்குப் பழக்கிவிடலாம். ரேடியோ உரையாடல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது: புரியாமலே 'ரோஜர்' சொல்வது. வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டியே பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் காக்பிட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. 'ரோஜர்' என்றால் "நீங்கள் சொன்னது முழுவதும் கிடைத்தது" என்று மட்டுமே பொருள். 'ஆமாம்' என்பதற்கு 'அஃபர்ம்', 'சொன்னபடி செய்கிறேன்' என்பதற்கு 'வில்கோ'. ரன்வே எண், உயரம், திசை, ரன்வேக்கு வெளியே நிற்கச் சொல்லும் உத்தரவு, இவற்றுக்கெல்லாம் 'ரோஜர்' மட்டும் போதாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் சரியாக விழவில்லையா, 'ஸே அகெயின்'. வேகமாகப் பேசுகிறாரா, 'ஸ்பீக் ஸ்லோயர்'. உங்களால் முடியாதா, 'அனேபிள்'. இவற்றைச் சொல்வதில் எந்த வெட்கமும் வேண்டாம். இரண்டு முறை கேட்பவரைத் திட்டும் கன்ட்ரோலரைவிட, கேட்காமல் ரன்வேக்குள் நுழையும் மாணவர்தான் என்னைப் பயமுறுத்துகிறார்.

சுற்றிவளைத்துப் பேசும் மரியாதையும் உயிரை வாங்கும். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன ஏவியாங்கா 52 விமானம், இறங்க இடம் கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. எமர்ஜென்சி என்று சொல்லும்படி கேப்டன் ஸ்பானிய மொழியில் கோ-பைலட்டிடம் சொன்னார். ரேடியோவில் அந்தச் சொல் போகவே இல்லை. எரிபொருள் தீர்கிறது என்றுதான் போனது. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். ஆபத்து என்றால் 'மேடே' மூன்று முறை, அவ்வளவு மோசமில்லை என்றால் 'பான் பான்' மூன்று முறை. இந்த இரண்டையும் எல்லா மொழிக்காரரும் புரிந்துகொள்வார்கள்.

இன்ஸ்ட்ரக்டரோடும் ஒரு விஷயத்தைத் தரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பதற்றத்தில் யாருக்கும் தாய்மொழிதான் வாயில் வரும். அவர் தன் மொழியில் ஏதோ சொல்ல, பாராட்டுகிறார் என்று நினைத்து நீங்கள் 'ஓகே' என்றால் என்ன ஆகும்? விமானம் உங்கள் கையில் இருக்கிறது என்று அவர் நினைப்பார், அவர் கையில் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்', 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்ற இரண்டு வாக்கியங்களைத் தவிர வேறு எதையும் கைமாற்றுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

உச்சரிப்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். நம் வாயில் ஆங்கில B-யும் P-யும் ஒன்றாகிவிடும், அதனால்தான் ரேடியோவில் B-க்கு பிராவோ, P-க்கு பாப்பா. 3 என்பதை ட்ரீ, 5 என்பதை ஃபைஃப், 9 என்பதை நைனர் என்று சொல்லிப் பழகுங்கள். ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி நடக்கும் ஆங்கிலத் தேர்வில் குறைந்தது 4-ஆம் நிலை வேண்டும். அதில் ரேடியோ வாக்கியங்களைத் தாண்டி, எதிர்பாராத சூழலைச் சொந்த வார்த்தைகளில் சொல்லத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

எரிபொருள் நிரப்பும் ஆளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். கண்ணால் பாருங்கள்: பெட்ரோல் இன்ஜின் பயிற்சி விமானங்களுக்கு ஊற்றும் 100 எல்.எல். என்ற எரிபொருள் நீல நிறம். டேங்கிலிருந்து கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம்மூர்ப் பையன்களோடு ஒரே வீட்டில் தங்கி, மீன் குழம்பு வைத்து, நாள் முழுக்கத் தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பது ஆறுதல்தான். ஆனால் வெளி ஆட்களோடு பேசவே வாய்ப்பில்லாமல் போய்விடும். ஒரு உள்ளூர்க்காரராவது அறையில் இருக்கட்டும்.

அப்புறம் காகிதங்கள். பணம் கட்டும் முன் இங்கேயே மெடிக்கல் முடித்துவிடுங்கள். நிறக்குருடு இருப்பது பாதிப் பயிற்சியில் தெரியவந்தால் குடும்பமே தவித்துப்போகும். ஒப்பந்தம் உள்ளூர் மொழியில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். இந்திய லைசென்ஸாக மாற்ற 200 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு பைலட்டாக, ஒரு 300 கடல் மைல் பயணம், இரவுப் பறப்பு என்று லைசென்ஸ் தரும் இந்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும். பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கின் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு, மொழி புரியாத அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒரு முத்திரை வாங்குவது பெரும்பாடு.