ரப்பர் கையை உங்கள் கையாக உணரச் செய்வது எப்படி

இதற்கு ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையில் இடது கை உறை, அதில் அடைக்கப் பஞ்சு, ஒரே மாதிரி இரண்டு பெயின்ட் பிரஷ், மறைப்புக்கு ஓர் அட்டை, ஒரு துண்டு, கூட ஓர் ஆள். 1998-இல் பாட்வினிக், கோஹன் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சோதனையும் ஏறக்குறைய இவ்வளவுதான்: ரப்பர் கை, திரை, இரண்டு பிரஷ்.

உட்காருபவர் இடது உள்ளங்கையைக் கவிழ்த்து மேஜைமேல் வைக்கட்டும், அதை அட்டையால் அவர் கண்ணுக்கு மறைத்துவிடுங்கள். அட்டைக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, அவருக்கு முன்னால் பஞ்சுக் கை. விரல்கள் நிஜக் கையின் திசையிலேயே இருக்க வேண்டும், திருப்பி வைத்தால் வேலைக்கு ஆகாது. தோளிலிருந்து கையுறையின் மணிக்கட்டு வரை துண்டைப் போர்த்துங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. அவர் பஞ்சுக் கையையே பார்க்க, நீங்கள் இரண்டு கைகளிலும் அதே விரலை, அதே இடத்தில், அதே திசையில், ஒரே கணத்தில் வருட வேண்டும். அரை நொடி பிசகினாலே மாயம் தளர்ந்துவிடும், அதனால் அவசரப்படாமல் மெதுவாகச் செய்யுங்கள். அவர் விரலை அசைக்கக் கூடாது. பலருக்கு ஓரிரு நிமிடத்தில் வருடல் அந்த ரப்பரிலேயே நடப்பதுபோல் தோன்ற ஆரம்பிக்கும். கண்ணும் தோலும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லும்போது, கை எங்கே இருக்கிறது என்று மூட்டும் தசையும் சொல்வதை மூளை ஓரளவு தள்ளி வைத்துவிட்டுக் கண் பக்கம் சாய்கிறது. எனக்கு இதில் பெரிய வியப்பு, அது ரப்பர்தான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் இந்த உணர்வு வந்துவிடுவதுதான்.

வாய்வார்த்தையோடு விடாதீர்கள். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் கண்ணை மூடச் சொல்லி, மேஜைக்கு அடியில் வலது கையை நகர்த்தி இடது ஆள்காட்டி விரல் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது முறை பஞ்சுக் கை பக்கம் நகர்ந்திருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கேரி ஆர்மெலோடு சேர்ந்து 2003-இல் ரப்பர் விரலைப் பின்னால் வளைத்துக் காட்டியபோது, பார்த்தவர்களின் தோலில் பதற்றத்துக்கான மின்மாற்றமே பதிவானது. நீங்களும் வளைத்துப் பார்க்கலாம், ஆனால் சுத்தியல், கத்தி எல்லாம் வேண்டவே வேண்டாம், பக்கத்தில் நிஜக் கை இருக்கிறது.

சிலருக்கு எவ்வளவு செய்தாலும் வராது, அது இயல்புதான். வந்தவர்களிடம் மட்டும் இன்னொரு சுற்று, இந்த முறை இரண்டு பிரஷையும் வேண்டுமென்றே ஒரே கணத்தில் இல்லாமல், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக ஓட்டுங்கள். உணர்வு மங்கிப் போனால், முதல் சுற்றில் அதைக் கொண்டுவந்தது நேரப் பொருத்தம்தான் என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.