அடுத்த வாத்துப் பருவத்துக்கு இப்போதே ஆயத்தம்: சிங்கப்பூர் நீர்ப்பறவைப் பிரியர்களுக்கு

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய், நாலு கொக்கைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடல் வற்றியிருந்த நேரத்தில் போனவர்கள். வற்றத்தின்போது கரைப்பறவைகள் மண்டாய் சேற்றுப்பரப்பு முழுக்கச் சிதறி இரை தேடிக்கொண்டிருக்கும். ஏற்றம் வந்து சேறு மூழ்கியதும் கால் ஊன்ற இடம் தேடிக் காப்பகத்தின் குளங்களுக்கு வரும். அந்தக் குளங்கள் முன்பு இறால் பண்ணைகளாக இருந்தவை. மதகுகளைத் திறந்து மூடி நீர்மட்டத்தைக் குறைத்து வைப்பதால், வெளியே கடல் ஏறியிருக்கும் வேளையிலும் உள்ளே சேறு தெரியும். ஆகவே புது லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், ஏற்ற வற்ற அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள். அடுத்த பருவத்தில் அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரக்கூடியது வேறெதுவும் இல்லை, செலவும் இல்லை.

துப்பாக்கி வேட்டைக்கு இங்கே இடமில்லை. வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப் பறவையைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். ஆனால் வாத்து வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்த காற்று, வெளிச்சம், மறைவு, பொறுமை ஆகிய நான்கும் பைனாகுலரோடும் கேமராவோடும் போகிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

நாள் குறிப்பது

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பெரிய ஏற்றங்கள் வரும். சிங்கப்பூரில் அவை 3 மீட்டரைத் தொடும். ஆனால் அந்த நாள்களில் பகல் ஏற்றத்தின் உச்சம் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி அமைவதால், வெயில் உச்சந்தலையில் இருக்கும், படமும் வெளிறிப்போகும். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்னால் தள்ளிப்போகும். அதனால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மூன்று நான்கு நாள் முன்னால் பாருங்கள். உச்சம் காலை 8 முதல் 10 மணிக்குள் விழும், உயரமும் போதுமானதாக இருக்கும். நாட்காட்டியில் தோராயமாகக் குறித்துக்கொண்டு, பிறகு அட்டவணையில் சரிபாருங்கள். அட்டவணை எந்த இடத்துக்கு உரியது என்பதையும் கவனியுங்கள். தெற்குக் கரைக்கான நேரமும் ஜோகூர் நீரிணைப் பக்கத்து நேரமும் ஒன்றல்ல.

உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். கூட்டம் கூட்டமாகப் பறந்து வந்து இறங்கும் காட்சி அப்போதுதான் கிடைக்கும். உச்சம் கடந்த பிறகு போனால், ஒற்றைக்காலில் தூங்கும் பறவைகளைத்தான் பார்க்கலாம்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை இப்படிக் காலை ஏற்றம் வாரயிறுதியில் விழும் நாள்களை எண்ணிப்பாருங்கள். பத்துப் பன்னிரண்டு தேறினால் அதிகம். அவற்றை இப்போதே குறித்துவைத்து, தீபாவளிப் பயணத்தையும் விருந்துகளையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

எது எப்போது வரும்

ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் முதல் பவளக்காலிகளும் சாதா உள்ளான்களும் வந்துவிடும். வளைந்த அலகுடைய விம்ப்ரல், பசிபிக் பொன் உப்புக்கொத்தி, பச்சைக்காலி எல்லாம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருகும். பிப்ரவரி கடைசியிலிருந்து திரும்பிப் போகும் பயணம் தொடங்கும். அந்த வாரங்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், இது பெரிய இழப்பு. மார்ச், ஏப்ரலில் பொன் உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் இனப்பெருக்கக் காலத்துக் கறுப்புக்கு மாறிவருவதை இங்கேயே பார்க்கலாம்.

வாத்துகள் விஷயம் வேறு. சிங்கப்பூரின் சொந்த வாத்து சீழ்க்கைச்சிறகி. கிராஞ்சி சதுப்புநிலத்திலும், பழைய குப்பை நிலத்தை ஒட்டி அமைந்த லோரோங் ஹலூஸ் பக்கத்திலும் தேடலாம். குள்ளத்தாரா மிக அரிது. வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டையலகு வாத்து எல்லாம் அபூர்வ விருந்தாளிகள். ஒரு பருவத்தில் ஒன்றுகூட வராமல் போகலாம். எனவே அவற்றை மட்டும் நம்பி நாள் குறிக்காதீர்கள்.

அடையாளம் காண்பதில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. முதலாவது, சீழ்க்கைச்சிறகியோடு ஆஸ்திரேலிய, இந்தோனேசியப் பகுதிகளைச் சேர்ந்த வாண்டரிங் விசிலிங் டக்கைக் குழப்புவது. அது இங்கே கொண்டுவரப்பட்டுப் பெருகிய இனம். விலாவில் மேல்நோக்கி எழும் வெள்ளைத் தூவிகள் இருந்தால் அது வாண்டரிங். இரண்டாவது, அக்டோபர், நவம்பரில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் இன்னும் பெட்டையைப் போன்ற மங்கல் நிறத்தில் இருப்பது. புத்தகத்தில் உள்ள பளபளப்பான ஆணைத் தேடினால் ஏமாறுவீர்கள். நீலச்சிறகி ஆணுக்கு அப்போதும் முன்சிறகு வெளிர் நீலச்சாம்பலாக இருக்கும், பறக்கும்போது பளிச்சென்று தெரியும். ஊசிவாலுக்கு நீண்ட கழுத்து, தட்டையலகுக்குக் கரண்டி மூக்கு. இவை எந்த நிறத்திலும் மாறாதவை. நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பாருங்கள்.

கருவிகள்

பைனாகுலரில் 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்வில்லை) போதும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10x42இல் அது 4.2ஆகக் குறையும், கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். விடியற்கால நாணல் ஓரத்துக்கு 8தான் சரி.

வாங்கியதோடு பலரும் செய்யாமல் விடும் வேலை ஒன்று உண்டு. வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தால் தொலைவில் உள்ள ஓர் எழுத்துப்பலகையை இடது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவைத்தால், பையில் உரசித் திரும்பினாலும் தெரிந்துவிடும். கண்ணாடி அணிகிறவர்கள் ரப்பர்க் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். ‘மலிவு பைனாகுலர், தலைவலிக்கிறது’ என்கிற புகாரில் பாதிக்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

ஸ்கோப்பில் (ஒற்றைக்குழல் தொலைநோக்கியில்) 60 மடங்கு இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். ஒன்பதரை மணிக்கு மேல் சேற்றின்மீது கானல் ஓடத் தொடங்கினால் 30க்கு மேல் எல்லாம் நீரில் கரைந்த ஓவியம்தான். மடங்கைக் குறையுங்கள், அல்லது மேகம் மறைக்கக் காத்திருங்கள்.

கேமராவுக்கு 400 மில்லிமீட்டர் லென்ஸ் குறைந்தபட்சம், 500 அல்லது 600 வசதி. அதைவிட முக்கியம், லென்ஸ் எதன்மேல் நிற்கிறது என்பது. மரப்பலகை போட்ட மறைவுக்குடிலில் ஒருவர் நடந்தால் முக்காலியும் ஆடும். சன்னல் விளிம்பில் ஒரு பயறுப்பை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் அந்த ஆட்டம் பெரிதும் அடங்கும். தடித்த துணியில் கால்சட்டைக் கால் அகலத்துக்குப் பை தைத்து, தேக்காவில் வாங்கிய பச்சைப்பயறு ஒன்றேகால் கிலோ போட்டு, முக்கால் பங்கு மட்டும் நிரம்பும்படி விடுங்கள். முட்ட நிரப்பினால் லென்ஸ் உருளும். நனைந்தால் அன்றே கொட்டி உலர்த்துங்கள், இல்லையென்றால் வண்டு வைக்கும்.

ஈரமே முதல் எதிரி

இந்த ஊரில் லென்ஸைக் கெடுப்பது மழையைவிட அலமாரிதான். கேமராப் பையிலேயே மூடி வைத்த லென்ஸில் பருவமில்லாத மூன்று நான்கு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். உலர்பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். உலர்பெட்டி இல்லையென்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறு ஈரமானி, ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் அரைக்கிலோ போதும். ஜெல் பச்சையானதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். பருவத்துக்கு முன் ஒரு தடவை, இருட்டறையில் லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்திவலை போன்ற நூல்கள் தெரிந்தால் உடனே பழுதுபார்க்கக் கொடுத்துவிடுங்கள். அதுவரை மற்ற லென்ஸுகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அடுத்தது லென்ஸின்மேல் படியும் ஈரம். குளிர்சாதன அறையில் இரவு முழுக்க இருந்த லென்ஸை வெளியே எடுத்த மறுநொடி அதன்மேல் நீர் படியும். துடைத்தால் திரும்பப் படியும். முந்தின இரவே பையைக் குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். குளிரூட்டிய பேருந்திலோ காரிலோ வந்தால், ஸிப் பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் விட வேண்டும். அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றினால் ஈரம் உள்ளே போய்விடும்.

கொசுவிரட்டியையும் சொல்லியாக வேண்டும். டீட் கலந்தவை பிளாஸ்டிக்கையும் ரப்பர்ப் பூச்சையும் இளக்கிவிடும். பைனாகுலரின் பிடி பிசுபிசுப்பதற்கு அது ஒரு காரணம். பிக்காரிடின் கலந்ததை வாங்குங்கள். டீட்தான் கையில் இருக்கிறது என்றால் புறங்கையால் தடவிக்கொண்டு, உள்ளங்கையைக் கழுவிய பிறகே கருவியைத் தொடுங்கள்.

காற்றும் வெளிச்சமும்

நீர்ப்பறவை இறங்கும்போது காற்றுக்கு எதிராகத் திரும்பித்தான் இறங்கும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. காலை வெயிலும் கிழக்கிலிருந்து, டிசம்பரில் சற்றுத் தெற்கே சாய்ந்து வரும். எனவே மேற்கு நோக்கி உட்கார்ந்தால் காற்றும் வெயிலும் முதுகில் விழும். பறவை உங்களைப் பார்த்து, முகத்தில் வெளிச்சத்தோடு இறங்கும். கிழக்கு நோக்கி உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது கரிய உருவங்களும் வால்களும். போவதற்கு முன் காப்பக வரைபடத்தில் எந்தக் குடில் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தொலைபேசித் திசைகாட்டியோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். விடிகாலையில் காற்று அசையாமல் இருக்கும். காற்று எழுந்ததும் நாணல் நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து இடம் மாறுங்கள்.

சுங்கை பூலோ காலை 7 மணிக்குத் திறக்கும். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 6.45 வாக்கிலேயே எழுந்துவிடும், பிப்ரவரி நடுவில் 7.15 ஆகும். விடியலின் மென்னொளி வேண்டுமென்றால் பிப்ரவரியே மேல். அது வடகிழக்குப் பருவத்தின் உலர் பகுதியும்கூட.

பறக்கும் வாத்துக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி, நிற்கும் பறவைக்கு 1/500. பின்னணி வானம், மரம், நீர் என மாறிக்கொண்டே இருப்பதால், ஒளியளவைக் கையால் பூட்டிவிடுங்கள். தானாக விட்டால் வானத்தில் பறவை கறுத்துப்போகும். வெள்ளைக் கொக்குக்கு ஒளியளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால்தான் இறகின் மடிப்பு தெரியும்.

உடையின் நிறத்தைவிட அசைவுதான் பறவையை விரட்டும். இருந்தாலும் வெள்ளைச் சட்டையும் சரசரக்கும் நைலான் மழைக்கோட்டும் வேண்டாம். குடிலின் பிளவுக்கு வெளியே லென்ஸையோ கையையோ நீட்டாதீர்கள். ஒருவர் நீட்டினால் குளமே எழுந்து போய்விடும். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இளைப்பாறும் பறவைக்கு அந்த ஒரு எழும்பல் வீண்செலவு. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் அப்படித்தான், செய்யவே கூடாது. இரை போடுவது சட்டப்படி குற்றம்; முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். கூடு கண்டால் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். சுங்கை பூலோவில் உவர்நீர் முதலைகள் உண்டு. தாழ்ந்த கோணத்துக்காகப் பாதையை விட்டு நீரோரம் இறங்கிப் படுக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் தேதி, ஏற்றத்தின் நேரமும் உயரமும், காற்றின் திசை, எந்தக் குளத்தில் எத்தனை பறவை என்று ஐந்து வரி எழுதிவையுங்கள். பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் ஈபேர்ட் (eBird) செயலியில் பட்டியலாகவும் ஏற்றுங்கள். அதே தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் வாரவாரியான பட்டை வரைபடம் உண்டு. எந்த வாரம் எந்த இனம் அதிகம் பதிவாகியிருக்கிறது என்று அதில் தெரியும். அந்த வரைபடத்தையும் உங்கள் ஐந்து வரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, குறித்துவைத்த பத்துப் பன்னிரண்டு நாள்களில் எதைக் கிராஞ்சிக்கு, எதைச் சுங்கை பூலோவுக்கு, எதை லோரோங் ஹலூஸுக்கு ஒதுக்குவது என்று ஆகஸ்ட் முடிவதற்குள் பிரித்துவிடுங்கள்.