தண்டாலா, கர்லாவா, ஜிம்மா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் உடம்பைத் தேற்றுவது பற்றிப் பேச்செடுத்தால் மூன்று கட்சி உண்டு: தண்டால் (புஷ்-அப்) பஸ்கி (உட்கார்ந்து எழுவது) கட்சி, கர்லாக்கட்டை (கையில் பிடித்துச் சுழற்றும் கனமான மரக்கட்டை) கட்சி, ஜிம் கட்சி. போதாததற்கு, "நெல் மூட்டை தூக்குறவனுக்கு எதுக்குப்பா உடற்பயிற்சி?" என்று கேட்க வீட்டுக்கு ஒரு பெரியப்பா இருப்பார்.

முதலில் அவருக்குப் பதில். கொள்முதல் நிலையத்தில் மூட்டை சுமப்பவருக்கு வலு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் மூட்டை என்றைக்கும் அதே 40 கிலோதான். அந்த எடைக்கு உடம்பு பழகிவிட்டால் வலு அதற்குமேல் ஏறாது. பயிற்சி என்றால் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், நடுவில் ஓய்வும் வேண்டும். மூன்று கட்சிகளையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் ஓட்டு தண்டால் பஸ்கிக்கு. செலவில்லை, திண்ணை இருந்தால் போதும்.

படி 1: பஸ்கி. திண்ணைக்கு முதுகைக் காட்டி நின்று, அதில் லேசாக உட்கார்ந்து எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. 8 முதல் 12 முறை, 3 சுற்று. சுலபமாகிவிட்டால் திண்ணையை விட்டு விலகி இன்னும் கீழே இறங்குங்கள்.

படி 2: தண்டால். தரையில் ஒன்றுகூட வராதவர்கள் திண்ணை விளிம்பில் கையை ஊன்றுங்கள். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும்; இடுப்பு தொங்கினால் அந்தச் சுற்று அதோடு சரி. திண்ணை, அப்புறம் வாசற்படி, அப்புறம் தரை. உயரம் குறையக் குறையக் கைக்கு வரும் சுமை கூடும்.

படி 3: இழுப்பது. தண்டால் கட்சிக்காரர்கள் மறந்துவிடுவது இதைத்தான். பம்புசெட்டுக்கு டீசல் வாங்கும் 10 லிட்டர் கேன் சும்மா கிடந்தால் நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையைத் திண்ணையில் ஊன்றிக் குனிந்து, முதுகை வளைக்காமல், மறு கையால் கேனை விலா வரை இழுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 4 லிட்டரில் தொடங்கி, வாராவாரம் அரை லிட்டர் கூட்டினால் போதும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் நம்மூர்ப் புழுக்கம் ஆளை அசத்திவிடும்.

கர்லா தோளுக்கும் கைப்பிடி வலுவுக்கும் நல்லது, தொடைக்கு அதில் வேலை குறைவு. ஆசான் கிடைத்தால் மட்டும் தொடுங்கள்.

பஸ்கி 30 தாண்டிய பிறகு கால்களுக்கு உடம்பின் எடை மட்டும் போதாது. ஜிம்முக்குப் போகும் நேரம் அதுதான். எடைத் தட்டுகளை மாட்டித் தூக்கும் முழு நீள இரும்புக் கம்பி (ஒலிம்பிக் பார்) தட்டு மாட்டாமலே 20 கிலோ. முதல் நாள் அதுவே தாராளம். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். சேர்ந்த அன்றே புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால், "முட்டை சாப்பிட்டுக்கிறேண்ணே" என்று சொல்லிவிடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது.