பெரிய டாக்கிளைச் சின்ன ஆள் கடப்பது எப்படி

நான் மட்டக்களப்பில் கபடி பழக்குகிறவன். அமெரிக்க ஃபுட்பாலுக்குள் என்னை இழுத்துவிட்டவன் என் அக்காவின் மகன். ரொறொன்ரோவில் பாடசாலை அணியில் டிஃபென்சிவ் எண்ட் ஆக விளையாடுகிறான். உயரம் ஐந்தடி பத்து அங்குலம், எடை 84 கிலோ. அவனுக்கு எதிரே வருகிற டாக்கிள்கள் முப்பது நாற்பது கிலோ கூடியவர்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் விடியற்காலையில் இரண்டு பேரும் கல்லடிக் கடற்கரைக்குப் போய்விடுவோம். அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதை, வெளிநாடுகளில் இதை விளையாடும் நம்முடைய மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தாக்கும் அணியை நடத்துகிற குவாட்டர்பேக் பந்தை எறியும் முன் அவரை வீழ்த்தப் பாய்பவர் பாஸ் ரஷர்; டிஃபென்சிவ் எண்டின் முக்கிய வேலை அதுதான். வீழ்த்திவிட்டால் அது சாக், இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. ஓரத்தில் நின்று பாஸ் ரஷரை மறிப்பவர் ஒஃபென்சிவ் டாக்கிள். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் டாக்கிளுக்கு 140 கிலோ என்பது சாதாரண எடை. பந்து கையை விட்டுப் போக இரண்டரை, மூன்று வினாடிதான் பெரும்பாலும் ஆகும்.

சின்ன உடம்போடு இது நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. ஐந்தடி பதினொரு அங்குல எல்விஸ் டூமர்வில் 2009இல் 17 சாக் எடுத்து என்எஃப்எல்லிலேயே முதலிடம் பிடித்தார். அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2003இல் ஐந்தாம் சுற்று வரை யாரும் தொடாத ராபர்ட் மாத்திஸ் 2013இல் 19.5 எடுத்தார். ஆறடி ஒரு அங்குல ட்வைட் ஃப்ரீனி 2024இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலுக்குள் போனார். மூவரும் வேகக்காரர்கள்தான், ஆனால் வேகம் மட்டும் போதுமென்றால் ஓட்டக்காரர்கள் எல்லோரும் சாக் எடுத்திருப்பார்கள்.

முழு ஆளோடு மோதக் கூடாது. இதை நான் மருமகனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். டாக்கிளின் நெஞ்சுக்கு நேரே போனால் அவருடைய எடை முழுக்க உங்கள் மேல். அவருடைய வெளித்தோளைக் குறிவைத்துப் போனால் பாதி உடம்போடுதான் சண்டை. அந்தப் பாதியை நீங்கள் வெல்லலாம்.

முதல் அடி பந்து அசைந்ததும் விழ வேண்டும். குவாட்டர்பேக்கின் சத்தத்தைக் கேட்டுப் பாய்ந்தால் அவர் உங்களை ஏமாற்றி ஓஃப்சைட் (பந்து அசையும் முன் கோட்டைத் தாண்டும் தவறு) வாங்க வைப்பார். கண் பந்தில் இருக்கட்டும். நாங்கள் டென்னிஸ் பந்தைத் தங்கூசியில் கட்டி மணலில் வைப்போம். நான் வாயால் எதையாவது கத்திக்கொண்டே நின்று, நினைத்த நேரத்தில் இழுப்பேன். பந்து நகர்ந்தால்தான் அவன் பாயலாம். பாரம் முன்காலில் இருக்க வேண்டும், முதல் அடி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகக் கூடாது. கனடா விதியில் தற்காப்பு வரிசை பந்திலிருந்து ஒரு யார் (ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு) தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளியை நஷ்டமாக நினைக்காதீர்கள். டாக்கிளைத் தொடும்போது நீங்கள் முழு வேகத்தில் இருப்பதற்கு அது உதவும்.

அடுத்தது வளைவு. அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான். டாக்கிளின் வெளிப்பக்கத்தைத் தாண்டியதும், வேகம் குறையாமல் உள்ளே திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் அவர் உங்களைத் தள்ளுவார். நிமிர்ந்து ஓடினால் தள்ளுகிற தள்ளில் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் போய் நிற்பீர்கள். கபடியில் கைகோத்து நிற்பவர்களின் கைக்குக் கீழால் நுழைந்து வெளியேறும் டுப்கி தெரியுமல்லவா? அதே தாழ்வு இங்கேயும் வேண்டும். இடுப்பை மடித்துக் குனிபவன் இரண்டிலுமே விழுந்துவிடுவான். தாழ்வு கணுக்காலிலும் முழங்காலிலும் இருந்து வர வேண்டும். உள்தோள் கீழே இறங்க, உள்கை டாக்கிளின் கைக்கு அடியால் மேல்நோக்கிக் கிழித்துக்கொண்டு போக, உள்காலின் பெருவிரல் குவாட்டர்பேக்கைப் பார்க்க வேண்டும்.

ஈர மணலில் மூன்று மீற்றர் அகலத்துக்கு ஒரு வட்டம் கீறுங்கள். அதைச் சுற்றி, உள்கை மணலைத் தொடும் அளவுக்குச் சரிந்து ஓடுங்கள். பிறகு மறுபக்கமாக. கால் வழுக்குகிற இடத்தில் உங்கள் பாரம் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் சுவருக்கு முன்னால் நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பழகுங்கள். கணுக்கால் இறுகிப்போனவனால் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வளைய முடியாது. தாழும்போது தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஹெல்மெட்டால் இடிக்க வேண்டாம், கழுத்து போய்விடும்.

சரி, கைகள். டாக்கிளுக்குக் கை நீளம், அந்த இரண்டு கையும் உங்கள் நெஞ்சில் ஊன்றிவிட்டால் அந்த ஆட்டம் அவருடையது. அவர் கையை நீட்டும் கணத்தில் மணிக்கட்டையோ முழங்கையையோ வெட்டிவிடுங்கள். முந்திக் கையை வீசினால் அவர் காத்திருந்து பிடிப்பார். ஆகவே கண் அவருடைய முழங்கையில் இருக்கட்டும். ஒருவரைத் தலையணையோடு எதிரே நிறுத்தி, அவர் குத்துகிற நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று தரம் வெளியால் போய்ப் பயம் காட்டிவிட்டால், டாக்கிள் அவசரப்பட்டு வெளிப்பக்கம் திரும்பத் தொடங்குவார். அவர் தோள் எல்லைக்கோட்டைப் பார்த்தால் உள்வழி திறந்துவிட்டது. ஃப்ரீனியின் சுழற்சி அங்கேதான் விளைந்தது: வெளியால் வேகமாக ஏறி, டாக்கிளின் பாரம் வெளியே சாய்ந்ததும் உள்ளே சுழன்று, முழங்கையால் அவரைப் பின்னால் விட்டுவிடுவார். குவாட்டர்பேக் நிற்கும் ஆழத்துக்கு வந்தும் நீங்கள் இன்னும் வெளியே இருந்தால் சுற்றி ஓடுவதை விட்டு உடனே உள்ளே வெட்டுங்கள். மாறாக டாக்கிள் குதிகாலில் பின்வாங்கிக்கொண்டிருந்தால் அந்த வேகத்தோடு நேரே நெஞ்சுக்குள் புகலாம். கைகள் அவருடைய கைக்கு உள்ளே, தாடைக்குக் கீழே. முழு ஆளோடு மோதலாம் என்று நான் சொல்லும் ஒரே நேரம் அதுதான். ஆறடி ஜேம்ஸ் ஹரிசன் பெரிய டாக்கிள்களைப் பின்னுக்குத் தள்ளியதும் தாழ்ந்து புகுந்துதான்.

எறியாமல் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டங்களில், சின்ன ஆள் என்று எதிரணி உங்கள் பக்கமே ஓடிவரும். அதற்கு எடை தூக்குங்கள், கையை நீட்டித் தூரத்தில் வைத்துச் சமாளியுங்கள்.

குவாட்டர்பேக்கை எட்டியதும் ஒரு கையால் அவரை அணைத்து, மற்றக் கையால் பந்து இருக்கும் கையை அடியுங்கள். 2016 பெப்ரவரியில் நடந்த ஐம்பதாவது சூப்பர் போலில், அதாவது என்எஃப்எல் இறுதிப் போட்டியில், வொன் மில்லர் இரண்டரை சாக் எடுத்தார், எதிரணிக் குவாட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து இரண்டு தரம் பந்தை உதிர்த்தார். இரண்டுமே மில்லரின் அணியான டென்வருக்கு ஆறு புள்ளி தரும் டச்டவுனாக முடிந்தன, ஆட்ட நாயகன் விருது மில்லருக்குப் போனது. கடற்கரையில் நாங்கள் ஒவ்வொரு பாய்ச்சலையும் பந்தைத் தட்டித்தான் முடிப்போம். வெறும் ஆளைத் தொட்டுவிட்டு நின்றால், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.