பீமில் கம்பி ஏன் கீழே, சன்ஷேடில் ஏன் மேலே?

பொருள் வலிமையியல் பாடத்தில் பலர் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். பீமின் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். ஒரு கம்பி, ஒரு மரச்சட்டம், இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவோம். கால்குலேட்டர் போதும்.

படி 1: தகைவு

12 மி.மீ. கம்பியை மேலே மாட்டி, கீழ் முனையில் 2 டன் எடையைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விசை ஏறத்தாழ 20,000 நியூட்டன். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 113 ச.மி.மீ. விசையைப் பரப்பால் வகுத்தால் 177. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 177 நியூட்டன் தாங்குகிறது, இதுதான் தகைவு. கடையில் எஃப்இ 500 என்று கம்பியின் தரத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறோமே, அந்த 500-ம் இதே அலகுதான். குறைந்தது அந்த அளவு வரை கம்பி இளகிக் கொடுக்காது, அதாவது நிரந்தரமாக நீண்டுவிடாது.

படி 2: திரிபு

எஃகின் யங் குணகம் (நீள்வதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) சுமார் 2,00,000 நியூட்டன்/ச.மி.மீ. 177-ஐ அதால் வகுத்தால் 0.000885. இது திரிபு. நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதுதான் என்பதால் இதற்கு அலகு கிடையாது. கம்பி 3 மீட்டர் என்றால் 2.65 மி.மீ. நீளும்; எடையை எடுத்தால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். விசைக்கேற்ப நீட்சி என்ற இந்த விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்டார். எடையை எடுத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும் வரம்பான மீள் எல்லைக்குள் மட்டுமே இது செல்லும்.

படி 3: பீம்

நீளமான அழி ரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் நேர்க்கோடுகள் சில போட்டு, நடுப்பகுதி கீழே தொய்வதுபோல் வளையுங்கள். மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். மேல்பக்கம் அமுக்கம், கீழ்ப்பக்கம் இழுவை. நடுவில் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் இடம் நடுநிலை அச்சு.

சரி, இப்போது கணக்கு. 75 × 150 மி.மீ. மரச்சட்டம், இரண்டு தாங்கிகளுக்கு இடையே 3 மீட்டர், நடுவில் 2,000 நியூட்டன் சுமை. சட்டத்தின் சொந்த எடையை விட்டுவிடுவோம். வளைவுத் திருப்புத்திறன், அதாவது சுமை சட்டத்தை வளைக்கும் திறன், நடுவில்தான் அதிகம்: சுமை × நீளம் ÷ 4. அதாவது 15,00,000 நியூட்டன் மி.மீ.

அடுத்து செக்‌ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு தாங்கும் என்ற அளவு): அகலம் × உயரம் × உயரம் ÷ 6. சட்டத்தை 150 மி.மீ. உயரமாக நிறுத்தினால் 2,81,250. திருப்புத்திறனை இதால் வகுத்தால் தகைவு 5.3 நியூட்டன்/ச.மி.மீ. அதே சட்டத்தைப் படுக்கப் போட்டால் 10.7! மரம் அதேதான், தகைவு இரட்டிப்பு. தொய்வோ நான்கு மடங்கு, ஏனென்றால் அதில் உயரம் மூன்று முறை பெருக்கப்படுகிறது. பீமைப் படுக்கையாக அல்லாமல் உயரமாக வார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 4: கம்பி எங்கே?

கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையில் அதன் வலிமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால் இழுபடும் பக்கத்தில் கம்பி வேண்டும். சாதாரண பீமில் அது கீழே.

சன்ஷேடு ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ளது. நுனி தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். ஆகவே முக்கியக் கம்பி மேலே. கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதை மிதித்துக் கீழே இறக்கிவிடுவது வழக்கமான கோளாறு. அடியில் சேர் கம்பி (நாற்காலிபோல் வளைத்த தாங்கு கம்பி) வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்களா என்று முதலிலேயே பாருங்கள்.

மூன்று தூண்கள்மேல் ஒரே தொடராக ஓடும் பீமில் இரண்டும் கலந்து வரும். இடைவெளிகளின் நடுவில் கீழ்ப்பக்கம் இழுபடும், நடுத்தூணுக்கு மேலே மேல்பக்கம். அங்கே மேலே கூடுதல் கம்பி போடுவது அதற்காகத்தான்.