அரிசி மூட்டையோடு பஸ் ஏறாதீர்கள்

லண்டன் வந்த முதல் மாதம் நான் செய்த உடற்பயிற்சி ஒன்றே ஒன்றுதான். ஈஸ்ட் ஹாமில் பத்து கிலோ அரிசி மூட்டையை வாங்கி, அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது. கூடவே நாலு பைண்ட் பால், எண்ணெய், உருளைக்கிழங்கு. கை விரல்களில் பை வெட்டிய தடம் இரண்டு நாள் போகாது. சூப்பர்மார்க்கெட் வேன் வாசல் வரை வரும் என்று யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

இப்போது பிரிட்டனுக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: கனமானதை வேனுக்கு விடுங்கள், மணமானதை நீங்களே போய் வாங்குங்கள். பால், எண்ணெய், உருளைக்கிழங்கு, மாவு, துணி சோப்பு, கழிப்பறைக் காகிதம் எல்லாம் வேனில் வரட்டும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், இட்லி அரிசி எல்லாம் தமிழ்க் கடையில். சூப்பர்மார்க்கெட் கொத்தமல்லி 30 கிராம் பொட்டலத்தில் வரும். ஒரு சட்னிக்குக் காணாது.

டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், ஆஸ்டா, மாரிசன்ஸ் என்று இங்குள்ள பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் சொந்த ஆப் உண்டு. ஒக்காடோவுக்குக் கடையே கிடையாது, கிடங்கும் வேனும் மட்டும்தான். ஆல்டியும் லிடிலும் விலை குறைவு, ஆனால் சொந்த வேன் வைத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. இதெல்லாம் இளசுகளுக்குத்தான் என்று ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா தயங்கினால், கேட்ஸ்ஹெட் ஊர் ஜேன் ஸ்னோபால் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். 1984-லேயே, 72 வயதில், டிவி ரிமோட்டை அழுத்தி டெஸ்கோவிலிருந்து மார்ஜரினும் கார்ன்ஃப்ளேக்ஸும் முட்டையும் வரவழைத்தவர் அவர்.

ஆப்பில் கணக்குத் தொடங்கும்போதே அந்தக் கடையின் இலவச உறுப்பினர் அட்டையையும் எடுத்துவிடுங்கள். டெஸ்கோவுக்கு கிளப்கார்டு, செயின்ஸ்பரிஸுக்கு நெக்டார். ஒரே பொருளுக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள். அட்டை இல்லாதவர் கட்டுவது கூடுதல் விலை, அவ்வளவுதான் விஷயம். இங்கே வங்கிக் கணக்கு இன்னும் கிடைக்காமல் இந்திய வங்கி அட்டையில் கட்டுவதாக இருந்தால், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஓடிபி ஊர் நம்பருக்குத்தான் போகும், அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும்.

அப்புறம், பொருளைத் தேடுவதற்கு முன்னால் நேரத்தைப் பிடியுங்கள். ஸ்லாட் என்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேர இடைவெளி. செவ்வாய், புதன் மதியம் என்றால் ஓரிரு பவுண்டில்கூடக் கிடைக்கும். சனி, ஞாயிறு காலை கேட்டால் ஆறேழு பவுண்ட் வரை போகும். குறைந்தபட்சம் 40, 50 பவுண்டுக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள். தேர்ந்தெடுத்த நேரத்தைக் கொஞ்ச நேரம்தான் உங்களுக்காக நிறுத்தி வைப்பார்கள், பணம் கட்டும் பக்கத்தைத் தாண்டினால்தான் அது உங்களுடையது. அதனால் நான் செய்வது, எப்போதும் வாங்கும் சாமான்களை மளமளவென்று போட்டு முதலில் ஆர்டரை முடித்துவிடுவது. வேன் வருவதற்கு முந்தைய நாள் இரவு வரை பெரும்பாலும் திருத்த விடுவார்கள். சாம்பார் பொடி தீர்ந்தது, டிஷ்யூ தீர்ந்தது என்று வீட்டில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லச் சேர்த்துக்கொள்ளலாம். பல கடைகள் பணத்தை வேன் வரும் நாளில்தான் எடுக்கின்றன, அன்றைக்கு அட்டையில் பணம் இருக்கட்டும்.

பொருளைத் தேடுவதில்தான் வேடிக்கை. நம் ஊர் இங்கிலீஷ் இங்கே செல்லாது. முதல் ஆர்டரில் தயிருக்காக ‘கர்ட்’ என்று தேடினேன், முதலில் வந்ததை வாங்கினேன். மறுநாள் வந்தது லெமன் கர்ட். எலுமிச்சையும் சர்க்கரையும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய மஞ்சள் ஜாம். மோர்க்குழம்புக்கு அரைத்து வைத்த தேங்காய் ஃப்ரிட்ஜுக்குள் போனது. யோகர்ட் என்று தேட வேண்டும், அதிலும் இனிப்பில்லாத ‘நேச்சுரல்’. கத்திரிக்காய்க்கு ஆபர்ஜின். பிரிஞ்சால் என்று போட்டால் ஊறுகாய் பாட்டில்தான் கண்ணில் படும். வெண்டைக்காய்க்கு ஓக்ரா, குடைமிளகாய்க்கு பெப்பர், ரவைக்கு செமொலினா, கடலை மாவுக்கு கிராம் ஃப்ளார், மைதாவுக்கு பிளெயின் ஃப்ளார். செல்ஃப் ரைசிங் என்று எழுதியதை எடுத்துவிடாதீர்கள். அதில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், பரோட்டா பன் மாதிரி ஆகிவிடும்.

பாலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலம் முழுப் பால், பச்சை பாதிக் கொழுப்பு, சிவப்பு கொழுப்பு எடுத்தது. முன்பெல்லாம் மூடியே அந்த நிறத்தில் இருக்கும். இப்போது பல கடைகளில் மூடிக்கு நிறம் கிடையாது, லேபிளில்தான் நிறம். தயிர் உறைய வைக்கவும் ஃபில்டர் காபிக்கும் நீலம்தான் சரி. சிவப்பில் காபி போட்டால் கழுவிய தண்ணீர். நாலு பைண்ட் கேன் என்பது சுமார் 2.27 லிட்டர்.

எண்ணிக்கைப் பெட்டியையும் கவனியுங்கள். நாலு பேர் விருந்துக்கு வருகிறார்கள் என்று வெங்காயத்துக்கு எதிரே 3 என்று அடித்தேன். நான் நினைத்தது மூன்று கிலோ. ‘லூஸ்’ என்று போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் காகிதப் பைக்குள் உருண்டது மூன்றே மூன்று வெங்காயம். பொருளின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் கிலோவா, பொட்டலமா, ஒன்றா என்று இருக்கும். கிலோவுக்கு என்ன விலை என்பதும் அங்கேயே இருக்கும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். துவரம் பருப்பு, உளுந்து, தேங்காய் எண்ணெய் எல்லாம் ‘வேர்ல்ட் ஃபுட்ஸ்’ பகுதியில் பெரிய பைகளில் கிடைக்கும். சின்ன ஊரில் வீடு கிடைத்து, பக்கத்தில் தமிழ்க் கடையே இல்லாதவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பகுதி அது.

கேட்டது இல்லையென்றால் மாற்றுப் பொருள் வைப்பார்கள். பெரும்பாலும் விடிகாலையில் கடை ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு அலமாரி அலமாரியாகப் போய் உங்கள் சாமான்களை எடுக்கிறார். அந்த நேரத்தில் அங்கே என்ன இருக்கிறதோ அதுதான். கொத்தமல்லி இல்லாத ஒரு நாள் எனக்கு பார்ஸ்லி வந்தது. பார்க்க அச்சு அசல் அண்ணன் தம்பி. ரசத்தில் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ‘மாற்று வேண்டாம்’ என்று குறிக்க வசதி இருக்கிறது. பால், ரொட்டிக்கு மாற்று வந்தால் பரவாயில்லை. கீரை, மசாலா, தயார் உணவுகளுக்கு வேண்டாம் என்று போட்டுவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும், இங்கே சில யோகர்ட்டில்கூட விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். தெரியாமல் வந்துவிட்டாலும் டிரைவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அவர் முகம் சுளிக்க மாட்டார், பணம் திரும்பி வரும்.

முகவரியில் போஸ்ட்கோடு, அதாவது நம் ஊர் பின்கோடு மாதிரியானது, மட்டும் போதாது. ஒரே போஸ்ட்கோடில் நாலு கட்டடம் இருக்கும், வேன் பின் கேட்டில் போய் நிற்கும். எந்த வாசல், எந்த பஸ்ஸர் (அழைப்பு மணி), எந்த மாடி என்று குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள், இங்குள்ள போன் நம்பரைக் கொடுங்கள். சாமான் பிளாஸ்டிக் பெட்டிகளில் வரும், பல கடைகள் பை கொடுப்பதில்லை. நாலு பெரிய பைகளை வாசலில் தயாராக வைத்துக்கொண்டு சட்டுபுட்டென்று மாற்றினால் டிரைவருக்கும் நிம்மதி. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. மதுவோ சமையல் கத்தியோ ஆர்டரில் இருந்தால் வயதுச் சான்று கேட்கலாம், பாஸ்போர்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பாராசிட்டமால் 16 மாத்திரைப் பெட்டி இரண்டுக்கு மேல் விட மாட்டார்கள். உங்கள் மேல் சந்தேகப்பட்டு இல்லை, எல்லோருக்கும் அதுதான்.

கதவைச் சாத்தியதும் முட்டைப் பெட்டியைத் திறந்து பாருங்கள், பிறகு தேதிகளை. ‘யூஸ் பை’ தேதி தாண்டியதைச் சாப்பிடக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டினால் சுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உடைந்தது, அழுகியது, வராதது எதுவானாலும் அன்றே ஆப்பில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் வாதமில்லாமல் பணம் வரும்.

தமிழ்க் கடைக்கு வாரம் ஒரு நடை போதும். எங்கள் பக்கத்துக் கடை யாழ்ப்பாணத்து அண்ணா, “முருங்கைக்காய் வெள்ளிக்கிழமைதான் வரும் தம்பி” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எந்த ஆப்பிலும் வராத அறிவிப்பு இது.

டிசம்பரைப் பற்றி ஒன்று. கிறிஸ்துமஸ் வாரத்துக்கான ஸ்லாட்டுகள் பல வாரம் முன்பே திறந்து வேகமாகத் தீர்ந்துவிடும். டிசம்பர் 25 அன்று பெரிய கடைகள் திறக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, வேனும் வராது, லண்டனில் பஸ்ஸும் ரயிலும் ஓடாது. சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. அன்று பால் தீர்ந்துபோனால் யாழ்ப்பாணத்து அண்ணா கடை திறந்திருக்கலாம், ஆனால் நடந்துதான் போக வேண்டும்.